தலைக்குத்தும் அறுந்த இழையும்: இளையோரின் ஒற்றைத் தலைவலி குறித்து

திருவள்ளுவமாலையைப் பயின்றோர் மருத்துவன் தாமோதரனாரின் வெண்பாவை மறந்திருக்க மாட்டார்கள். சீந்திலும் சுக்கும் தேனும் கூட்டி முகர்ந்தால் எவருக்கும் தலைக்குத்து நீங்கும். சாத்தனாருக்கோ வள்ளுவரின் முப்பாலால் நீங்கிற்று என்பது அதன் கருத்து. பிறர் பாட்டில் பிழை காணுந்தோறும் எழுத்தாணியால் தம் தலையிலேயே குத்திக்கொண்டு புண்பட்டவர் சாத்தனார் என்றொரு கதையும் வழங்கி வருகிறது. சீத்தலை என்பது ஊர்ப்பெயரே என்று அறிஞர் பலர் விளக்கிய பின்னும் அக்கதை சாகவில்லை. விடைத்தாள் திருத்தும் ஆசிரியர் எவரும் அதனை எளிதில் கைவிட ஒருப்படார்!

நமக்கு ஈண்டு வேண்டுவது கதையன்று. 'தலைக்குத்து' என்னும் சொல்லேயாம். நம் பகுதி ஊர்களில் இதனை ஒத்தத் தலைவலி என்பர். மண்டைக்குத்து, மண்டையிடி என்பர். வாந்தி எடுத்தபின் தணிவது கண்டு பித்தம் ஏறிவிட்டது என்றும் கூறுவர். அரபு மருத்துவ நூல்களில் இதன் பெயர் 'ஷகீகா'. பிளவு, பாதி என்னும் பொருள்தரும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. இப்னு சீனா (980-1037) தம் 'அல்கானூன்' நூலில் தலைநோய்களைக் கூறுமிடத்து இதனையும் தனியே எடுத்துரைக்கிறார். 'பாதி மண்டை' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து 'மைக்ரேன்' ஆயிற்று. ஒன்றோடொன்று தொடர்பில்லாத மொழிகளும் இந்நோய்க்கு ஒருபக்கத் தன்மையை வைத்தே பெயரிட்டிருப்பது நோக்கத்தக்கது. ஆயினும் இப்பெயர்கள் அனைத்தும் வலியை மட்டுமே சுட்டுகின்றன. வலிக்கு முன்னும் பின்னும் சிந்தனைக்கும் நினைவுக்கும் நேர்வதை எப்பெயரும் சுட்டவில்லை. அதுவே இக்கட்டுரையின் பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் வெம்பாக்கத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி பயின்றாள். ஆரணிப் பட்டுக்குத் தறி ஓடும் குடும்பம். தந்தையும் தாயும் குழித்தறியில் அமர்பவர்கள். யாப்பிலக்கணத்தில் அவளுக்கு நல்ல ஆர்வம் இருந்தது. வீட்டுப் பாடமாகக் கொடுக்கும் வெண்பாக்களைப் பிழையின்றி அலகிட்டுக் கொணர்வாள். அத்தகையவள் அகமதிப்பீட்டுத் தேர்வில் ஒரு வெண்பாவின் முதலடியை மட்டும் அலகிட்டு, இரண்டாமடியில் ஒரே சீரை மூன்று முறை பிரித்து எழுதி, மூன்றாமடியை அப்படியே விட்டிருந்தாள். நாம் அதனைக் கவனக்குறைவு என்று கொண்டோம். வகுப்பில் அனைவர் முன்னிலையிலும் விடைத்தாளை உயர்த்திக் காட்டி, கவனம் எங்கே போயிற்று என்று கேட்டோம். அவள் தலைகுனிந்து நின்றாள். மறுநாள் முதல் கல்லூரிக்கு வரவில்லை.

ஐந்தாம் நாள் தந்தையார் வந்தார். "ஐயா, பொண்ணு மேல தப்பு இல்லீங்க. மண்டையப் புடிச்சிக்கினு இருட்டுல படுத்துக்குது. படிச்சது நிக்கல, நான் மக்கு, தறியிலயே உட்காந்துடறேன்னு சொல்லுது" என்றார். சற்று நிறுத்தி, "அந்த நாள்ல தறியில உட்காந்தாலும் கரையில பூ தப்பிப்போவுதுங்க. மத்த நாள்ல அவங்கம்மாவ விட நல்லா நெய்யும்" என்றும் சொன்னார்.

நம் நாணத்துக்கு மற்றொரு காரணமும் உண்டு. கல்லூரிப் பருவந்தொட்டு நாமும் இத்தலைவலிக்கு ஆட்பட்டவர். தொல்காப்பிய வகுப்பு நடத்துங்கால் இளம்பூரணர் பெயர் நாவுக்கு வராமல், 'முதல் உரையாசிரியர்' என்று சொல்லிச் சமாளித்த நாள் ஒன்று உண்டு. அன்று பிற்பகலே வலி வந்து வீழ்த்தியது. தம்மிடத்து அறிந்ததைப் பிறரிடத்து அறியாமற்போவது ஆசிரியத் தொழிலுக்கே ஒரு குறைதான்.

மருத்துவ நூல்கள் இந்நோயை நான்கு நிலைகளாகப் பகுத்துரைக்கின்றன. முதலாவது முன்குறி. வலி தோன்றுவதற்குச் சில மணி நேரம் முன்னரோ ஒருநாள் முன்னரோ கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, எரிச்சல், இனிப்பின்மேல் வேட்கை ஆகியவற்றோடு மனம் ஒன்றில் நில்லாமையும் தோன்றும். படித்த பத்தியையே மீண்டும் மீண்டும் படிப்பது இந்நிலையில்தான். வலி இன்னும் வராமையால் நோயரே இதனை நோயென்று அறியார். பக்கத்திலிருப்போர் எங்ஙனம் அறிவர்?

இரண்டாவது நிலை எல்லோருக்கும் வருவதன்று. மூவரில் ஒருவருக்கோ நால்வரில் ஒருவருக்கோ வருவது. கண்முன் மின்னும் கோணல்மாணலான கோடுகளும் ஒளிப்புள்ளிகளும் தோன்றிப் பரவும். சிலருக்குக் கை மரத்துப்போகும். சிலருக்குச் சொல் குழறும். ஐந்து நிமிடம் முதல் ஒருமணி நேரம் வரை இது நீடிக்கும். கார்ல் லாஷ்லி என்னும் அமெரிக்க உளவியலறிஞர் தமக்கு வந்த இவ்வொளிக் கோலத்தைத் தாமே கணந்தோறும் வரைந்து வைத்து, மூளையின் மேற்பரப்பில் ஏதோவொன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்கின்றது என்று 1941இல் கணக்கிட்டார். மூன்றாண்டு கழித்து, 1944இல், லேயோ என்னும் பிரேசில் நாட்டு ஆய்வாளர் முயலின் மூளையில் அத்தகைய மெல்லிய அலை ஒன்று ஊர்வதையும், அது கடந்த இடத்தில் நரம்பணுக்களின் மின்செயல் சிறிது நேரம் அடங்கிப்போவதையும் கண்டு எழுதினார். எறும்பினும் மெதுவாக, ஓர் அங்குலம் கடக்க எட்டு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு நகரும் அவ்வலையே இவ்வொளிக் கோலத்துக்கு அடிப்படை என்று இன்று கொள்ளப்படுகிறது. பார்வைக்குரிய பகுதியில் ஊர்ந்தால் கண்ணில் கோலம். மொழிக்குரிய பகுதியை எட்டினால் சொல்லில் தடுமாற்றம்.

மூன்றாவது வலி. சிகிச்சையின்றி விட்டால் 4 மணி முதல் 72 மணி வரை நிற்கும் என்பது உலகத் தலைவலிக் கழகத்தார் வகுத்த வரையறை. வெளிச்சமும் ஓசையும் பகையாகும், குமட்டும், படியேறினாலே குத்து மிகும். நான்காவது பின்தளர்ச்சி. வலி நீங்கிய பிறகும் ஒருநாள், சிலருக்கு அதற்கு மேலும், தலை வெற்றிடமாய் இருப்பதுபோலத் தோன்றும். பிள்ளை எழுந்து நடமாடுவது கண்டு, தலைவலிதான் போயிற்றே, உட்கார்ந்து படி என்று வீட்டார் சொல்வது இப்பொழுதுதான். பொய்ச்சாக்கு என்னும் பழி பெரும்பாலும் இந்நான்காம் நிலையில்தான் விழுகிறது.

இனி, சிந்தனையில் தடைபடுவது யாது என்று காண்போம். நம் துறைக்குரிய எடுத்துக்காட்டே இதற்குப் பொருந்தும். வெண்பாவை அலகிடுங்கால் சொல்லை அசையாகப் பிரிக்கிறோம், அசைகளைச் சீராக்குகிறோம், நின்ற சீரின் ஈற்றசையை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு வருஞ்சீரின் முதலசையைப் பார்த்துத் தளை காண்கிறோம். மாவெனில் நிரை வர வேண்டும். விளமோ காயோ எனில் நேர் வர வேண்டும். விதியை அறிந்திருப்பது ஒரு நினைவு. அது நெடுங்காலம் நிற்பது. நின்ற சீரை அந்தச் சில நொடிகள் கைநழுவாமல் பிடித்திருப்பது மற்றொரு நினைவு. அதனைச் செயல்நினைவு என்கிறார்கள். ஒற்றைத் தலைவலி நாளில் தளர்வது பெரும்பாலும் இவ்விரண்டாவதே. அம்மாணவி ஒரே சீரை மூன்று முறை எழுதியதற்குப் பொருள் இப்போது விளங்கும். அவள் விதியை மறக்கவில்லை. நின்ற சீர் கையிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது.

போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகர ஆய்வாளர்கள் ஒரே நோயரை வலியுள்ள நாளிலும் வலியற்ற நாளிலும் சோதித்து 2015இல் முடிவு வெளியிட்டனர். சோதிக்கப்பட்டோர் சிலரே. எனினும் வலி நாளில் அவர்கள் சொற்களைப் படிக்கும் விரைவு குறைந்தது. சொற்பட்டியலைக் கற்று மீளச் சொல்லும் திறனும் குறைந்தது. வலியற்ற நாளில் அதே மனிதர் அதே செயலை மேலும் நன்றாகச் செய்தனர். மற்ற நாளில் அம்மாவைவிட நன்றாக நெய்யும் என்று தந்தையார் சொன்னது இதுவேயன்றோ? தறிக்குழியில் அமர்ந்தவர் கண்டறிந்ததைத்தான் ஆய்வுக்கூடமும் அளந்து சொல்லியிருக்கிறது.

வலியற்ற நாட்களில் நிலைமை எத்தகையது என்னும் வினாவுக்கு விடை அவ்வளவு நேரானதன்று. மருத்துவமனைக்கு வரும் கடுமையான நோயரைச் சோதித்தால், இடைப்பட்ட நாட்களிலும் கவனத்திலும் விரைவிலும் சிறு குறை காணப்படுவதுண்டு. உறக்கக்கேடு, மனச்சோர்வு, பதற்றம், உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றுள் எதனால் அது வந்தது என்று பிரித்தறிதல் கடினம். நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73ஆம் ஆண்டுகளில் பிறந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பிறப்பு முதல் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். அவர்களுள் 26 வயதில் ஒற்றைத் தலைவலி உடையோரின் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தபோது, மொழிசார்ந்த சோதனைகளில் அவர்கள் சிறுவயது முதலே மிகச் சிறிய அளவில் பின்தங்கியிருந்தமை தெரிந்தது. 2002இல் வெளிவந்த இம்முடிவைக் கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. வேறுபாடு நுண்ணியது; அன்றியும், தலைவலி அடிக்க அடிக்க அறிவு தேய்ந்தது என்று அது கூறவில்லை. தேய்ந்திருந்தால் நெடுங்கால நோயர்க்கு மிகுதியாகவும் அண்மைக்கால நோயர்க்குக் குறைவாகவும் இருந்திருக்க வேண்டும், அவ்வாறு காணப்படவில்லை.

முதியோரிடத்து நடந்த ஆய்வுகள் இன்னும் தெளிவானவை. டென்மார்க்கின் இரட்டையர் பதிவேட்டிலிருந்து ஒற்றைத் தலைவலி உடையோரையும் இல்லாதோரையும் சோதித்த ஆய்வு 2005இல் வந்தது. அறிதிறனில் வேறுபாடு இல்லை. பிரான்சின் நான்த் நகரில் 780 முதியோரின் மூளையைப் படமெடுத்து ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். தலைவலி உடையோர்க்கு மூளையின் வெண்பகுதியில் சிறு தடங்கள் மிகுந்திருந்தன. ஆயினும் சிந்திக்கும் திறனோ நினைவோ மற்றவரினும் குறைந்திருக்கவில்லை. அமெரிக்கப் பெண்கள் ஆறாயிரம் பேருக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியான ஆய்வும், ஒற்றைத் தலைவலியால் முதுமையில் அறிவு விரைந்து குன்றுவதில்லை என்றே கண்டது. இளம் வயதிலேயே நினைவு போய்விடும் என்று அஞ்சும் மாணவர்க்கு நாம் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுவே: தறியில் இழை அறுகிறது, பாவு கெடுவதில்லை.

ஆனால் அறுந்த இழையை முடிய நேரமும் வேண்டும், கையும் வேண்டும். மாதத்தில் நான்கு முறை வலி வந்து, ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னுமாக இரண்டு நாள் கழியுமாயின், முப்பது நாளில் எட்டு நாள் பாடம் நெஞ்சில் ஏறாது. அவ்வெட்டு நாள் பாடம் அறிவின்மையால் விடுபட்டதன்று, கற்கப்படாமையால் விடுபட்டது. இவ்வேறுபாட்டை உணராத மாணவர் தம்மையே மக்கு என்று முடிவுகட்டிக்கொள்கின்றனர். நம் மாணவியும் அம்முடிவுக்குத்தான் வந்திருந்தாள்.

இது அரிய நோயுமன்று. உலகில் 100 கோடிக்கு மேற்பட்டோர்க்கு இது உண்டென்றும், 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரை முடக்கும் நோய்களுள் இதுவே முதலாவது என்றும் 2016ஆம் ஆண்டுக்குரிய உலக நோய்ச்சுமைக் கணக்கு காட்டுகிறது. அண்டை மாநிலமான கர்நாடகத்தில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் வீடுவீடாகச் சென்று 2,329 பேரிடம் நடத்திய ஆய்வில், ஏறத்தாழ நால்வரில் ஒருவர்க்கு ஓராண்டினுள் ஒற்றைத் தலைவலி வந்திருந்தது. பெண்களிடத்து ஆண்களினும் மிகுதி. நகரத்தினும் நாட்டுப்புறத்தில் மிகுதி. அறுபது பேர் கொண்ட வகுப்பில் இதனைப் பொருத்திப் பார்த்தல் ஆசிரியர்க்கு நன்று.

மாணவியின் தந்தையாரை நரம்பியல் மருத்துவரிடம் செல்லுமாறு வேண்டினோம். அதற்குள் அக்குடும்பம் செய்யாத வைத்தியமில்லை. சுக்குப் பற்று போட்டார்கள், தைலம் தடவினார்கள், கண்ணாடி போட்டால் போகும் என்று ஒருவர் சொல்லக் கண்ணாடியும் வாங்கினார்கள். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று உறவினர் சொன்னதையும் தந்தையார் மறைக்கவில்லை. பெண்ணுக்குத் தலைநோய் என்று வெளியே தெரிந்தால் வரன் தட்டிப்போகும் என்னும் அச்சமும் இருந்தது. பெரியோர்கள் இவ்விடத்து நம்மைப் பொறுத்தருள வேண்டும்: மறைக்கப்பட்ட நோய்க்கு மருந்து கடைக்காரரின் மாத்திரையாகத்தான் முடிகிறது.

அவ்வாறே முடிந்திருந்தது. மருத்துவர் ஒரு குறிப்பேடு வைக்கச் சொன்னார். வலி வந்த நாள், முந்தைய இரவு உறங்கிய நேரம், காலை உணவு, மாதவிலக்கு, விழுங்கிய மாத்திரை அனைத்தையும் அதில் எழுதி வந்தாள். ஒரு திங்கள் கழித்து ஏட்டைப் புரட்டியபோது இரண்டு செய்திகள் வெளிப்பட்டன. முதற் பேருந்தைப் பிடிக்கக் காலை உணவைத் தவிர்த்த நாட்களிலும் மாதவிலக்கை ஒட்டிய நாட்களிலுமே வலி மிகுந்திருந்தது. மற்றொன்று எவரும் எதிர்பாராதது: அவள் 17 நாட்கள் வலிமாத்திரை விழுங்கியிருந்தாள். பாராசிட்டமால் போன்றவற்றை மாதத்தில் 15 நாளோ மிகுதியோ, கலவை மாத்திரைகளை 10 நாளோ மிகுதியோ மூன்று மாதத்துக்கு மேல் உட்கொண்டால், அம்மாத்திரையே தலைவலியை வளர்க்கும் என்பது இன்று ஐயமற நிறுவப்பட்ட செய்தி. மருந்து கடைக்காரர் அறியாமற் கொடுக்கிறார். நாமும் அறியாமல் வாங்குகிறோம்.

வலி தொடங்கியவுடனே உரிய அளவில் மாத்திரை உட்கொள்வதும், அடிக்கடி வருமாயின் வராமல் தடுக்கும் மருந்தைச் சில மாதம் நாள்தோறும் உட்கொள்வதும் வெவ்வேறு முறைகள். இரண்டாவதற்குரிய மருந்துகளுள் சில உறக்கம் தரும். டோபிரமேட் என்னும் மருந்து சிலருக்குச் சொல்லைத் தேட வைக்கும். பாடம் படிக்கும் பிள்ளைக்கு இது சிறு செய்தியன்று. நோய் மறதியா, மருந்து மறதியா என்று ஐயம் எழுந்தால் மருத்துவரிடம் வாய்திறந்து கூற வேண்டும். வேறு மருந்து உண்டு. தாமே நிறுத்துதல் தகாது. திடீரென இடிபோல் வரும் கடுந்தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், கைகால் வலுவிழத்தல், அடிபட்டபின் வரும் வலி, நாளுக்கு நாள் மிகும் மறதி இவையெல்லாம் ஒற்றைத் தலைவலியின் கணக்கில் சேர்க்கத்தக்கன அல்ல. அன்றே மருத்துவமனை செல்ல வேண்டியவை.

நம் கல்லூரியில் நோன்பு நோற்கும் மாணவர் பலர் பயில்வதால் ஒன்றைக் கூறாது விடல் இயலாது. 2010இல் வெளிவந்த ஒரு சிறு ஆய்வில் 32 நோயரைக் கவனித்தபோது, ரமலான் மாதத்தில் அவர்கட்கு ஏறத்தாழ 9 நாள் தலைவலி வந்தது. மற்றொரு மாதத்தில் ஏறத்தாழ 4 நாளே வந்தது. பசியும், நீர் குறைவும், உறக்கம் மாறுவதும், தேநீர் திடீரென நிற்பதும் காரணமாகலாம். நோன்புக்கு இருவாரம் முன்னரே தேநீரைச் சிறிது சிறிதாகக் குறைப்பதும், ஸஹர் உணவைத் தவிர்க்காதிருப்பதும் பலருக்குப் பயன் தரும். அதற்கும் அடங்காத கடுநோயர்க்கு, நோயுற்றோர் வேறு நாட்களில் நோற்கலாம் என்னும் இடந்தருதல் மறையிலேயே உள்ளது. மருத்துவரையும் மார்க்க அறிஞரையும் கலந்து முடிவு செய்வது குறையாகாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இஹ்ராம் நிலையில் ஷகீகா வலிக்காகத் தலையில் குருதி உறிஞ்சும் சிகிச்சை செய்துகொண்ட செய்தி புகாரீ தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. ஒற்றைத் தலைவலியைச் சோம்பேறியின் சாக்கு என்பார் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.

ஆசிரியர்கள் செய்யக்கூடியவை பெரிய செயல்களல்ல. சன்னலோர வெயிலிலிருந்து இடம் மாற்றித் தரலாம். வகுப்பில் தண்ணீர் குடிக்க விடலாம். வலி நாளில் நடந்த அகமதிப்பீட்டை வேறொரு நாளில் நடத்தலாம். பல்கலைக்கழகத் தேர்வில் இது இயலாது; நம் கைக்குட்பட்ட தேர்வில் இயலும். யார் பொய் சொல்கிறார், யார் மெய் சொல்கிறார் என்று எப்படி அறிவது என உடன் பணியாற்றும் நண்பர் ஒருவர் வினவினார். குறிப்பேட்டைக் கேளுங்கள் என்றோம். அவர் சிரித்தார், ஆனால் அடுத்த வாரமே தம் மாணவன் ஒருவனிடம் கேட்டிருந்தார்.

வெம்பாக்கத்து மாணவி மூன்று வாரங்கழித்து வகுப்புக்கு வந்தாள். நாம் அனைவர் முன்னிலையிலும் கேட்டது போலவே அனைவர் முன்னிலையிலும் பிழை பொறுக்கச் சொன்னோம்; அவளுக்கு அதுவும் கூச்சமாகவே இருந்தது. காலையில் ஒரு வாழைப்பழமும் இரண்டு இட்லியும் பேருந்திலேயே உண்பதாகச் சொன்னாள். மாத்திரையை மருத்துவர் சொற்படி நிறுத்திய முதற் பத்து நாள் வலி மிகுந்து அழுததாகவும், பிறகு குறைந்ததாகவும் தந்தையார் பின்னொரு நாள் கூறினார். முற்றும் நின்றுவிடவில்லை; மாதம் இருமுறை வந்தது.

மறுதேர்வுக்கு நாளை அவளையே குறிக்கச் சொன்னோம். வேறொரு வெண்பாவைக் கொடுத்தோம். நான்கடியையும் அலகிட்டுத் தளையும் கண்டு, நேரம் முடியுமுன்னரே தாளைத் தந்தாள். ஈற்றுச் சீரின் குற்றியலுகரத்தை நோக்காது 'பிறப்பு' என எழுத வேண்டிய இடத்தில் 'புளிமா' என்று எழுதியிருந்தாள். அன்று தலைவலி உண்டா என்று கேட்டோம். "இல்லை ஐயா, அது என் தப்புதான்" என்றாள். ஒரு மதிப்பெண் குறைத்தோம்.